சித்திரை வெயிலில் வெளுத்த ஜெல்

எழுமலைப் பக்கம் போய் முத்துமீனா வீடு எது என்று கேட்டால், "எந்த முத்துமீனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு ஒருத்தி அந்தப் பெயரில் இருக்கிறாள். "ஜெல்லு செய்யுற பிள்ளை" என்று சொன்னால் போதும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கூடவே நடந்து வந்து வீட்டைக் காட்டிவிட்டுத்தான் போவார். வழியெல்லாம் அவள் என்ன செய்தாள் என்று தன் பாணியில் ஒரு கதையும் சொல்வார். அதில் பாதிதான் உண்மையாக இருக்கும். முழுதாக நடந்தது இதுதான்.

சின்னக்கருப்பனுக்கும் தங்கப்பொண்ணுக்கும் முத்துமீனா இரண்டாவது பிள்ளை. சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் களையெடுத்து, கரும்பு வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பம். மூத்தவன் ராஜபாண்டி பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டப் போனான். தங்கச்சிக்குப் படிப்புப் பிடித்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில், ஒரே ஒரு சொட்டு அதிகமாக விழுந்ததும் குடுவையில் இருந்த தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்து, "இது ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டவள் அவள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே பி.எஸ்சி. முடித்தாள். எம்.எஸ்சி.க்கு மதுரை வந்தாள்.

அவள் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது தங்கப்பொண்ணு உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையலுக்கு ஒத்தாசையாகப் போயிருந்தாள். சோறு வடிக்கும்போது அண்டா சரிந்து, கொதிக்கிற கஞ்சி இடது கையிலும் விலாவிலும் கொட்டிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். முத்துமீனாதான் கூடப் போவாள்.

கட்டுத் துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். நர்ஸ் சலைன் ஊற்றி ஊறவைத்துப் பையத்தான் எடுப்பார். அப்படியும் புதிதாக வளர்ந்த தோல் துணியோடு சேர்ந்து வந்துவிடும். தங்கப்பொண்ணு முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொள்வாள். சத்தம் வெளியே வராது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒருமுறை மகளிடம் சொன்னாள்:

"புண்ணு வலியக்கூடத் தாங்கிப்புடலாம்த்தா. கட்டுப் பிரிக்கிற அன்னைக்கு, ஏன்டா விடியுதுன்னு இருக்கு."

புண் ஆறிவிட்டது. அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். மகளுக்கு மட்டும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

பசுமலைக்கு அருகே ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியையாக இருந்தவர் தாமரைச்செல்வி. வயதில் முத்துமீனாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் மூத்தவர். வறண்ட நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற ஜெல் செய்வது அவருடைய ஆராய்ச்சி. பி.எச்டி.க்குச் சேர்ந்த முத்துமீனா முதல் வாரத்திலேயே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், சில ஜெல்லு குளுந்த தண்ணியில உப்புது, சூடு பட்டா சுருங்குதுல்ல. அதைத் தீக்காயத்துக்குக் கட்டுனா என்ன?"

"கட்டலாமே. ஜெல் கட்டு உலகம் பூராம் இருக்கே. நீ புதுசா என்ன செய்யப் போற?"

"பிரிக்கும்போது வலிக்காம செய்யப் போறேன்."

தாமரைச்செல்வி நாற்காலியில் சாய்ந்து அவளைப் பார்த்தார். "மருந்துப் பக்கம் போனா ஆஸ்பத்திரி, கமிட்டி, அனுமதின்னு வருஷக்கணக்கா இழுக்கும். மண்ணுக்குச் செய்யுறது மாதிரி இல்ல. நடுவுல கல்யாணம் காட்சின்னு வீட்டுல நெருக்குவாங்க. நிப்பியா?"

"நிப்பேன் மேடம்."

அவள் மனதில் இருந்தது எளிமையான யோசனை. நைப்பாம் என்று ஆய்வகத்தில் சுருக்கிச் சொல்லும் ஒரு வெள்ளைத் தூள் உண்டு. அதிலிருந்து செய்த ஜெல்லுக்கு வெப்பம் தெரியும். உடம்புச் சூட்டில் தண்ணீரை வெளியேற்றிச் சுருங்கி, கெட்டியாக நிற்கும். குளிர்ந்தால் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். புண்மேல் தாள் போல ஒட்டிவைத்தால் உடம்புச் சூட்டில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குளிர்ந்த சலைன் ஊற்றினால் உப்பி, தானாகக் கழன்று வர வேண்டும்.

இப்படிப்பட்ட ஜெல்லை ரசாயனம் சேர்த்தும் செய்யலாம். ஆனால் அந்த ரசாயனத்தின் மிச்சம் ஜெல்லுக்குள் தங்கினால் புண்ணுக்கு ஆகாது. அதனால் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். தூளைத் தண்ணீரில் கரைத்து, அதில் கலந்திருக்கும் காற்றை வெளியேற்றி, கண்ணாடிக் குழாயில் அடைத்து, கோபால்ட் வைத்த காமா அறைக்குள் இறக்க வேண்டும். காமாக் கதிர் தண்ணீரின் மூலக்கூறுகளை உடைக்கும். உடைந்த துண்டுகள் தூளின் மூலக்கூறுகளை உசுப்பிவிட, அவை ஒன்றோடு ஒன்று கைகோத்துச் சங்கிலியாகி, சங்கிலிகள் பின்னி வலையாகிவிடும். உள்ளே தண்ணீராகப் போனது வெளியே ஜெல்லாக வரும். அதைத் தாள் தாளாகச் சீவி, பலமுறை கழுவி, உறையில் போட்டு மறுபடி கதிரில் வைத்தால் கிருமியும் செத்துப்போகும்.

விஷயம் ஊருக்குள் தெரிந்ததும் தங்கப்பொண்ணுக்குப் பயம் வந்துவிட்டது. யாரோ அணுகுண்டு, அது இது என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

"ஏத்தா, அந்தக் கதிரு ஜெல்லுக்குள்ளயே ஒளிஞ்சிருந்து ஆளுகளை ஒண்ணும் செஞ்சுராதா?"

"யம்மா, மொளகாயை வெயில்ல காயப்போடுறம்ல. காஞ்ச மொளகாய வீட்டுக்குள்ள கொண்டாந்தா வெயிலும் கூடவே வந்துருதா?"

தங்கப்பொண்ணு கொஞ்ச நேரம் யோசித்தாள். "வராது" என்றாள். அதன் பிறகு தெருவில் யார் கேட்டாலும் அவளே பதில் சொன்னாள்.

காமா அறை இருந்தது கல்லூரியில் இல்லை. நகரத்தின் அந்தக் கோடியில், அழகர்கோவில் சாலையில் ஓர் ஆய்வுக்கூடத்தில். குழாய்களைச் சூடு படாமல், ஆடாமல் கொண்டுபோக வேண்டும். ராஜபாண்டி தன் லோடு ஆட்டோவில் சவாரிகளுக்கு நடுவே ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொள்வான். வாழைத்தாரோடும் சிமெண்ட் மூட்டையோடும் அவளுடைய ஆராய்ச்சி மதுரையைக் குறுக்கே கடந்து போகும்.

ஆரம்பத்தில் எதுவும் சரியாக வரவில்லை. காற்று மிச்சமிருந்தால் ஜெல் ஆகாமல் பாகு போல ஒழுகியது. கதிரை அதிகமாகக் கொடுத்தால் தொட்டதும் உடைந்தது. ஒருவழியாக அளவு பிடிபட்டு, கண்ணாடி போலத் தெளிந்த ஜெல் தாள்கள் வந்தன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அது நிலைக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தாள் உப்புவதற்கு அரை நாள் ஆனது. தீக்காயம் பட்ட ஆள் அரை நாள் கையை நனைத்துக்கொண்டு உட்கார முடியுமா? எத்தனையோ விதமாகக் கலந்து பார்த்தாள். வேகம் கூடவில்லை. "இதை மட்டும் வச்சே ஆய்வேட்டை முடிச்சிரலாம்" என்றுகூடத் தாமரைச்செல்வி சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

அந்த வருடச் சித்திரையில்தான் அது நடந்தது. காமா அறையில் அவளுக்கு ஒதுக்கிய நாள் எதிர்சேவை நாளாக அமைந்துவிட்டது. அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிற நாளில் அந்தச் சாலையில் வண்டி போகுமா? ராஜபாண்டி சந்து பொந்தெல்லாம் புகுந்து பார்த்தான். கடைசியில் கூட்டத்துக்கு நடுவே ஆட்டோ அசையாமல் நின்றுவிட்டது. ஐஸ் உருகித் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிட்டது. நண்பகல் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஏசி வேறு பழுதாகிக் கிடந்தது. அறைக்குள் அனல் அடித்தது.

இந்த நாளை விட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்குமோ என்று முத்துமீனா அப்படியே குழாய்களை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வெளியே எடுத்த காமா அறை ஆபரேட்டர் செல்வக்குமார் உதட்டைப் பிதுக்கினான். "என்னக்கா, பால் திரிஞ்ச மாதிரி வெளுத்துப் போயிருக்கு. கழிவுல சேத்துறவா?"

"வேணாம், குடு. தூளு மிச்சம் இருக்கும், கழுவாம வெளிய போடக்கூடாது" என்று வாங்கிக்கொண்டு வந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் அவற்றைத் தாளாகச் சீவிப் போட்டுவிட்டு, சோர்ந்து போய்க் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் தட்டில் கிடந்த தாள்கள் எல்லாம் உப்பியிருந்தன. தட்டை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு தாளை இடுக்கியால் எடுத்து வெந்நீரில் போட்டாள். கண் முன்னாலேயே அது வெளுத்துச் சுருங்கியது. மறுபடி குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். நின்றபடியே பார்த்தாள். உப்பியது.

மேடம் என்று கத்திக்கொண்டு அவள் வராந்தாவில் ஓடியதை அந்தத் துறையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் அடுத்த முறை செய்தபோது பழையபடி தெளிந்த, மந்தமான ஜெல்தான் வந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. தூள் வேறு டப்பாவோ? காற்றைச் சரியாக வெளியேற்றவில்லையோ? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சித்திரை போய், ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகும் வெள்ளை ஜெல் திரும்ப வரவில்லை. நடந்தது நிஜம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

ஒருநாள் கல்லூரி மாணவிகளுக்கு அந்த ஜெல்லின் குணத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். தெளிந்த துண்டு ஒன்றை வெந்நீரில் போட்டு, "பாருங்க, சூட்டுல சங்கிலியெல்லாம் தண்ணியை விட்டுட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருது. அதான் வெள்ளையாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அப்படியே பேச்சை நிறுத்திவிட்டாள். பிறந்த பிறகு சூட்டில் போட்டால் வெளுக்கிறது. சூட்டிலேயே பிறந்தால்? சங்கிலிகள் வலையாகும்போதே இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்தாக ஒட்டிக்கொண்டால், நடுவில் எல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்குமே! பஞ்சு மாதிரி தண்ணீர் உள்ளே ஓடுமே! அன்றைக்கு ஐஸ் உருகியது. ஏசி ஓடவில்லை.

"மிஸ், என்ன ஆச்சு?" என்று மாணவிகள் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல. வெயிலு அடிச்சிருக்கு, அம்புட்டுத்தான்" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த முறை குழாய்களைச் சுற்றி வெந்நீர் ஓடும்படி ஓர் அமைப்பைச் செய்துகொண்டு போனாள். வெள்ளையாகவே வந்தது. மறுமுறையும் வந்தது. எத்தனை முறை செய்தாலும் வந்தது. தாமரைச்செல்வி பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்:

"மீனா, சூட்டுல செஞ்சா ஓட்டை விழுந்து வேகமா வேலை செய்யும்னு வெளிநாட்டுல முன்னாடியே பாத்திருக்காங்க. தீக்காயக் கட்டுக்கு யாரும் செஞ்ச மாதிரி எனக்குத் தெரியல. ஆனா ஓட்டை விசயம் புதுசு இல்ல."

முத்துமீனாவின் முகம் வாடும் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ சிரித்தாள். "அப்ப நான் யோசிச்சது சரிதான மேடம்! அம்புட்டுப் பெரிய ஆளுகளும் இதத்தான சொல்லிருக்காங்க!"

தாமரைச்செல்வி முதல் வாரத்தில் எச்சரித்தது எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. செல்களில் சோதனை, விலங்குகளில் சோதனை, மனிதர்களிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி. வருடங்கள் ஓடின. வீட்டில் நெருக்கினார்கள். அவள் நின்றாள். முனைவர் பட்டமும் வந்தது. அதே கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அதற்கப்புறம்தான் நகரத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் முதல் ஆளுக்குக் கட்டுப் போடும் நாள் வந்தது.

அந்த முதல் ஆள் மொக்கையன். பரோட்டா மாஸ்டர். முன்கையில் கொதிக்கிற எண்ணெய் பட்டிருந்தது. வாட்டசாட்டமான ஆள், ஆனால் கட்டுப் பிரிக்கும் அறைக்குள் நுழைந்தாலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். விவரம் எல்லாம் கேட்டு, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். டாக்டர் ஜெல் தாளைப் புண்மேல் வைத்தார். அது உடம்புச் சூட்டில் வெளுத்து, நன்றாகப் பிடித்துக்கொண்டது.

பிரிக்கிற நாள் அக்கினி நட்சத்திரத்தின் உச்சி. டாக்டர், தாமரைச்செல்வி, பயிற்சி மாணவர்கள் என்று அறை நிறைய ஆட்கள். பல வருடம் அந்தப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ் ராமக்காள் சலைன் பாட்டிலைத் திறந்து தாளின்மேல் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு பாட்டில் ஊற்றினார். தாள் அசையவே இல்லை. ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்ததும் மொக்கையன், "யக்கா... வேணாம்க்கா" என்று முனகினார்.

எல்லாரும் முத்துமீனாவைப் பார்த்தார்கள். இத்தனை நாள் சோதித்ததெல்லாம் பொய்யா? ஒரு கணம் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து போனது. தன்னையறியாமல் தள்ளுவண்டியிலிருந்த சலைன் பாட்டிலைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் தெரிந்துவிட்டது. பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றுகிற அறை, ஜன்னல் வெயில். ஏசி அறையில் இருந்தபடி இத்தனை வருடம் செய்த சோதனையில் மதுரை வெயில் கணக்கிலேயே வரவில்லை.

"சிஸ்டர், கையை விட்டுருங்க. ஜெல்லு மேல தப்பில்ல. சலைன் சூடா இருக்கு. கொஞ்சம் குளுந்தாப் போதும்."

"இங்கன பிரிட்ஜுல தடுப்பூசி மட்டுந்தான் வைக்கலாம்மா. சலைன் வைக்க விடமாட்டாங்க" என்றார் ராமக்காள்.

முத்துமீனா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்து நிழலில் ராஜபாண்டி ஆட்டோவில் சாய்ந்து கிடந்தான்.

"அண்ணே! எதுத்தாப்புல சர்பத் கடையில ஐஸ் வாங்கிட்டு வெரசா வா!"

"எம்புட்டு?"

"ஒரு வாளி!"

என்ன ஏது என்று கேட்காமல் ஓடினான். வாளி நிறைய உடைத்த ஐஸோடு மாடி ஏறி வந்தான். மூடி பிரிக்காத சலைன் பாட்டில்களை அதில் அமிழ்த்தினார்கள். டாக்டர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, உறைகிற அளவுக்கு ஜில்லென்று ஆகிவிடாமல் எடுத்துக் கொடுத்தார். ராமக்காள் தாளின்மேல் ஊற்றினார்.

பால்வெள்ளை மெல்லக் கலைந்தது. ஓரங்கள் தெளிந்து உப்பின. தாளுக்குக் கீழே ஈரம் பாய்வது வெளியிலிருந்தே தெரிந்தது. ஒரு மூலை தானாகச் சுருண்டு மேலே எழுந்தது. ராமக்காள் இரண்டு விரலால் அதைப் பிடித்துத் தூக்கினார். நனைந்த வாழைச் சருகு போல முழுத் தாளும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் இளம் தோல் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மொக்கையன் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்பக்கா எடுப்பீக?" என்றார்.

"எடுத்தாச்சுண்ணே" என்றார் ராமக்காள்.

அவர் நம்பாமல் திரும்பினார். கையைப் பார்த்தார். வாளிப்பக்கம் நின்றிருந்த ராஜபாண்டியைப் பார்த்தார். பிறகு அறையில் இருந்தவர்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். ராமக்காள் தாளைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு முத்துமீனாவின் பக்கத்தில் வந்தார். "இந்த ரூமுல ஒரு ஆளு சிரிச்சு இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்" என்றார்.

முத்துமீனா அழவில்லை. அழுகை வரும் என்று தாமரைச்செல்வி கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார்; அது அவருக்கே தேவைப்பட்டது.

அதன் பிறகு அந்தப் பிரிவில் பலருக்கும் இந்தக் கட்டு போடப்பட்டது. சிலருக்குப் புண்ணில் நீர் அதிகமாக வடிந்து, தாள் சரியாகப் பிடிக்காமல் போனது. அதைச் சரிசெய்யும் வேலை இன்னும் நடக்கிறது. கடைக்கு வரவில்லை, வர இன்னும் காலம் ஆகும். ஆனால் சோதனை முடிவுகள் ஆய்விதழில் வந்தன. சலைனைக் குளிரவைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று செய்முறையில் தடித்த எழுத்தில் அவளே சேர்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் சலைனுக்கென்றே ஒரு சின்னப் பிரிட்ஜ் வந்துவிட்டது.

போன தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், எழுமலை பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் அதிர்ந்து நின்றாள். ஆளுயர பிளக்ஸ் போர்டு. வெள்ளைக் கோட்டில் அவள் படம். மேலே கொட்டை எழுத்தில், 'ஹைட்ரஜன் கண்டுபிடித்த எங்கள் தங்கமே, வருக!' கீழே ராஜபாண்டியும் அவன் கூட்டாளிகளும் கைகூப்பி வரிசையாக நின்றார்கள்.

"அண்ணே, என்னண்ணே இது! ஹைட்ரஜன் இல்ல, ஹைட்ரோஜெல்! அதையும் நான் கண்டுபிடிக்கல!"

ராஜபாண்டி தலையைச் சொறிந்தான். "பிளக்ஸ் கடைக்காரப் பய அடிச்சுப்புட்டான். விடு மீனா, ஊரு பூராம் படிச்சாச்சு. ஒருத்தனும் தப்புன்னு சொல்லலையே."

"தெரிஞ்சவுக பாத்தாச் சிரிப்பாக!"

"சிரிக்கட்டும். யாரு படம் இருக்குன்னு பாத்துட்டுத்தான சிரிக்கணும்."

தங்கப்பொண்ணு பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தாள். போர்டைப் படிக்கத் தெரியாது, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது முத்துமீனா அடுத்த வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் வரும். கால் உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அதனால் இப்போதைய தாள் அங்கே சரியாகப் பிடிக்காது. இன்னும் குறைந்த சூட்டிலேயே சுருங்குகிற மாதிரி வேறு கலவை பார்க்க வேண்டும்.

தங்கப்பொண்ணு எல்லாவற்றையும் உம் கொட்டிக் கேட்டாள். எதிரே வந்த வெளியூர்க்காரி ஒருத்தி நின்று, "யாரு, மகளா?" என்றாள்.

"ஆமா. எம் மக. டாக்டரு" என்றாள் தங்கப்பொண்ணு. "பொங்கலுக்கு வந்திருக்கா. அடுத்து காலுக்குச் செய்யப் போறா."

முத்துமீனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திங்கட்கிழமை காமா அறையில் அவளுக்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள்.